சுருட்டை முடி, கம்பளிக் குல்லா, மைனஸ் குளிர்... டொரண்டோவின் ஒரே சாலையில் ஒரு குளிர்காலப் பயணம்!

கனடாவின் டொரண்டோ நகரில் ஜனவரி மாதம் வீட்டைவிட்டுக் கிளம்புவதே ஒரு தனி வேலை. உள்ளே தெர்மல், அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் கனமான கோட், கழுத்துக்கு மப்ளர், கைக்கு உறை, காலுக்கு பூட்ஸ். எல்லாம் முடிந்து, கதவுப் பிடியில் கை வைக்கும் முன் தலைக்குக் குல்லா. நேரான முடி உள்ளவர்களுக்கு இந்தக் கடைசி வேலை இரண்டு விநாடியில் முடிந்துவிடும். சுருட்டை முடி உள்ளவர்களுக்கோ பிரச்னையே இங்குதான் தொடங்குகிறது!

குல்லாவை இழுத்துப் போட்டால், காலையில் அரை மணி நேரம் செலவழித்துச் சுருள் சுருளாக எடுத்துவிட்ட முடி அப்படியே அமுங்கிவிடும். அலுவலகத்துக்குள் போய்க் கழற்றினால் உச்சந்தலை சப்பையாகவும், காதுக்குக் கீழே பம்மென்றும் நிற்கும். குல்லா போடாமல் போகலாமா என்றால், காது விறைத்துப்போகும். குளிர்காற்றுக் குறியீடு மைனஸ் 28-ஐத் தாண்டிவிட்டால், மூடாத தோலில் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைபனிப் புண் வரக்கூடும் என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. மூக்கு, காது மடல், விரல் நுனி ஆகியவைதான் முதலில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்.

முடியா, காதா? வெப்ப நாடுகளிலிருந்து வந்து டொரண்டோவில் குடியேறிய லட்சக்கணக்கான சுருட்டை முடிக்காரர்களின் குளிர்காலக் கேள்வி இதுதான். இதற்கு அவர்கள் கண்டுபிடித்த பதில்களைப் பார்க்க ஊர் முழுக்க அலைய வேண்டாம். ஒரே ஒரு சாலையில் மேற்கிலிருந்து கிழக்கே போனால் போதும்.

ஆறு ஊர்களைத் தொடும் ஒரே சாலை

அந்தச் சாலையின் பெயர் எக்லிண்டன் அவென்யூ. 1998-ல் ஒரே மாநகராக இணைக்கப்படும் முன், பெரிய டொரண்டோ ஆறு தனித்தனி நகராட்சிகளாக இருந்தது. அந்த ஆறையும் தொட்டுச் செல்லும் ஒரே சாலை எக்லிண்டன்தான். மேற்குப் பக்கம் இதன் ஒரு பகுதிக்கு 'லிட்டில் ஜமைக்கா' என்று பெயர். கிழக்கே போகப் போக, தமிழ்க் கடைப் பலகைகள் கண்ணில் படும் ஸ்கார்பரோ வந்துவிடும். ஒரு முனையில் கரீபியன் சலூன்கள், மறுமுனையில் தேங்காய் எண்ணெய் விற்கும் தமிழ் மளிகைக் கடைகள். நடுவில் அதே பனி, அதே காற்று!

இங்கே குல்லாவை யாரும் 'ஹேட்' என்று சொல்வதில்லை. அமெரிக்கர்களின் 'பீனி' என்ற சொல்லும் இங்கே அவ்வளவாகச் செல்லாது. கனடாக்காரர்களுக்கு அது 'டூக்'. பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். விலங்குத் தோல் வணிகத்துக்காக ஆறுகளில் படகு வலித்துப் போன பிரெஞ்சுக் கனடியர்கள் கம்பளியில் பின்னிய டூக்கைத் தலையில் மாட்டிக்கொண்டார்கள். 1837-ல் கியூபெக் பகுதியில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த விவசாயிகளைப் பிற்காலத்தில் ஓவியமாக வரைந்தபோதும், தலையில் டூக் இருந்தது. இன்று பள்ளிக் குழந்தை முதல் பிரதமர் வரை எல்லோர் தலையிலும் ஏறும் பொது உடைமை அது.

ஆனால், இந்த டூக் உருவானபோது அதை மாட்டிக்கொண்டவர்களின் முடி பெரும்பாலும் நேரானது. இறுக்கிப் பிடிக்கும் கம்பளி, தலையோடு ஒட்டும் வடிவம் எல்லாமே அந்த முடிக்குச் சரி. சுருட்டை முடி வந்து சேர்ந்தபோது கணக்கு மாறிவிட்டது.

குல்லாவுக்கும் சுருளுக்கும் என்ன பகை?

முதலில் முடியின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். தலைத்தோலில் சுரக்கும் இயற்கை எண்ணெய், நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனி வரை இறங்கிவிடும். சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவும் அதற்கு ஒரு தடை. அதனால் வேர்ப்பகுதி எண்ணெய்ப் பசையோடு இருந்தாலும், நுனி எப்போதும் வறண்டே இருக்கும். வளையும் இடங்களில்தான் முடி பலவீனமாகவும் இருக்கும். உடைவதும் பெரும்பாலும் அங்கேதான்.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகை அலங்காரக் கலைஞரான ஆண்ட்ரே வாக்கர், முடியை நான்கு வகையாகப் பிரித்தார். ஒன்றாம் எண் நேரான முடி, இரண்டு அலை முடி, மூன்று சுருட்டை, நான்கு ஸ்பிரிங் போல நெருக்கமாகச் சுருண்டது. அழகுசாதனக் கடைகளில் இன்றும் இந்த எண்களைச் சொல்லித்தான் கிரீம் கேட்கிறார்கள். எண் கூடக் கூட வறட்சியும் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் வகை முடி காய்ந்ததும், இழுத்துப் பிடித்தால் இருக்கும் நீளத்தில் பாதிக்கும் கீழே சுருங்கிவிடுவது சகஜம்.

இப்போது குளிர்காலத்துக்கு வருவோம். குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது. அந்தக் காற்றை வீட்டுக்குள் இழுத்து ஹீட்டர் சூடாக்கும்போது, அதே கொஞ்ச ஈரம் இன்னும் கொஞ்சமாகத் தெரியும். விளைவு, உதடு வெடிக்கிறது, தோல் அரிக்கிறது, முடி காய்கிறது. வெளியே போனால் உறைகாற்று, உள்ளே வந்தால் பாலைவனக் காற்று. ஒரு நாளில் பத்து முறை இரண்டுக்கும் நடுவே போய் வருகிறது தலை.

இதற்கு மேல்தான் கம்பளிக் குல்லா. தொட்டால் ஈரமே தெரியாமல், தன் எடையில் சுமார் 30 சதவிகிதம் வரை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தன்மை கம்பளிக்கு உண்டு. ஆடுகளுக்கு நல்லது, காலையில் கிரீம் தடவிய சுருட்டை முடிக்கு நஷ்டம். போதாக்குறைக்கு, கம்பளி இழையின் மேற்பரப்பு சொரசொரப்பானது. நடக்கும்போதும் திரும்பும்போதும் முடியை உரசிக்கொண்டே இருக்கும். நெற்றி ஓரத்திலும் பிடரியிலும் இருக்கும் மெல்லிய முடிகள்தான் முதலில் உடையும். அக்ரிலிக் குல்லா என்றால் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. ஆனால், கழற்றும்போது 'பட்பட்'டென்று மின்னூட்டம் ஏறி, முடி நாலாபக்கமும் எழுந்து நிற்கும்.

மார்ச் மாதம் முடியும்போது, 'முடி வளரவே இல்லையே' என்று பலர் கவலைப்படுவார்கள். உண்மையில் வேரில் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். வளர்ந்த அளவுக்கு நுனியில் உடைந்திருக்கும்!

லிட்டில் ஜமைக்காவின் நாற்காலிகள்

எக்லிண்டன் மேற்கில் ஆலன் ரோட்டிலிருந்து கீல் ஸ்ட்ரீட் வரையிலான பகுதிதான் லிட்டில் ஜமைக்கா. 1955-ல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ் ஜமைக்கா, பார்படாஸ் தீவுகளிலிருந்து இளம் பெண்கள் கனடாவுக்கு வீட்டு வேலைக்கு வந்தார்கள். ஓராண்டு வேலை பார்த்தால் நிரந்தரமாகத் தங்கலாம் என்பது ஏற்பாடு. 1967-ல் குடியேற்றத்துக்குப் புள்ளி முறை வந்த பிறகு குடும்பங்களாகவே வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வேண்டிய மாட்டிறைச்சி பேட்டி, ரெகே இசைத்தட்டு, முடி வெட்டும் கடை எல்லாம் இந்தச் சாலையில் முளைத்தன. ரெகே இசைக்கு நன்றி சொல்லும் வகையில், இங்குள்ள ஒரு சந்துக்கு 2015-ல் 'ரெகே லேன்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஒரு கட்டடச் சுவர் முழுக்க இசைக் கலைஞர்களின் ஓவியம் பரந்து நிற்கிறது.

நடந்து போனால் முதலில் கவனத்துக்கு வருவது சலூன்களும் பார்பர் ஷாப்களும்தான். தொடர்ந்தாற்போல் வரும் கண்ணாடிக் கதவுகளின் பின்னே, பெட்டிப் பின்னல் போடுகிறார்கள், வரிப்பின்னல் போடுகிறார்கள், இரட்டைப் புரி முறுக்குகிறார்கள். ஒரு தலைக்கு நான்கைந்து மணி நேரம் ஆவது சாதாரணம். அதனால் சனிக்கிழமை சலூன் என்பது ஒரு நாள் முழுக்க நீளும் கூட்டம். சாப்பாடு வரும், குழந்தைகள் தூங்கும், ஊர்க்கதை ஓடும். நம்மூர் திண்ணைக்கு வெந்நீரும் ஹேர் டிரையரும் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி!

குளிர்காலத்தில் இங்கே போடும் பின்னல்களுக்குப் 'பாதுகாப்புப் பின்னல்' என்று பெயர். அழகு இரண்டாம் பட்சம்தான். முடியின் நுனியை உள்ளே மடித்து வைத்து, உரசலிலிருந்தும் காற்றிலிருந்தும் காப்பதுதான் முதல் நோக்கம். பின்னல் தலையோடு படிந்து கிடப்பதால் குல்லாவும் சுலபமாக உட்கார்ந்துவிடும். சில வாரங்களுக்கு ஒரு முறை அவிழ்த்து, கழுவி, ஓய்வு கொடுத்து மறுபடி போடுவார்கள்.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பின்னலை இறுக்கிப் போட்டு, அதன்மேல் இறுக்கமான குல்லாவும் மாட்டினால், நெற்றி ஓரம் பின்வாங்கத் தொடங்கும். தொடர்ந்து இழுபடுவதால் வரும் வழுக்கை இது. ஆரம்பத்திலேயே கவனித்துத் தளர்த்தினால் முடி திரும்ப வரும். ஆண்டுக்கணக்கில் விட்டால் வேரே தழும்பாகிவிடும். பின்னல் போட்ட அன்று தலைவலித்தால், அது அழகுக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி என்று நினைக்கக் கூடாது. அவிழ்க்கச் சொல்லி முடி தரும் தகவல் அது.

இந்தச் சாலைக்கும் ஒரு காயம் உண்டு. எக்லிண்டனில் 19 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை அமைக்கும் வேலை 2011-ல் தொடங்கியது. பத்தாண்டுகளைத் தாண்டியும் நீண்டது. தடுப்பு வேலிகள், மறிக்கப்பட்ட நடைபாதை, காணாமல்போன பார்க்கிங் இவற்றுக்கு நடுவே வாடிக்கையாளர் குறைந்து, பல கடைகள் மூடப்பட்டன. வாடகையும் ஏறியது. நான்காம் வகை முடியைக் கையாளத் தெரிந்த ஒரு சலூன் மூடப்பட்டால், அதன் வாடிக்கையாளருக்குப் பக்கத்து மாலில் உள்ள சலூன் உதவாது. அங்கே பலருக்கு அந்த முடியில் சீப்பை எங்கே வைப்பது என்றே தெரியாது. தாக்குப்பிடித்து நிற்கும் ஒவ்வொரு நாற்காலியின் மதிப்பும் அதனால்தான் பெரியது.

10 டாலர் நோட்டில் ஒரு சலூன் உரிமையாளர்

இந்தச் சலூன்களில் கட்டணம் கொடுக்கும்போது ஒரு ஊதா நிற 10 டாலர் நோட்டு கைமாறலாம். அதில் நெட்டுவாக்கில் அச்சிடப்பட்டிருக்கும் பெண், வயோலா டெஸ்மண்ட். 1914-ல் ஹாலிஃபாக்ஸ் நகரில் பிறந்த கறுப்பினப் பெண். அழகுக்கலை படிக்க விரும்பினார். ஊரில் இருந்த பயிற்சிப் பள்ளிகள் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மாண்ட்ரியல், அட்லாண்டிக் சிட்டி, நியூயார்க் என்று போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, ஹாலிஃபாக்ஸில் சொந்த சலூன் திறந்தார். தனக்கு மறுக்கப்பட்டதை மற்ற பெண்களுக்குக் கொடுக்க, அழகுக்கலைப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். தன் பெயரில் அழகுசாதனப் பொருள்களும் விற்றார்.

1946 நவம்பர் 8. தொழில் விஷயமாகப் போகும் வழியில் அவரின் கார் நியூ கிளாஸ்கோ என்ற ஊரில் பழுதாகி நின்றது. நேரத்தைப் போக்க ரோஸ்லேண்ட் தியேட்டருக்குப் போனார். வெள்ளையர்கள் உட்காரும் கீழ்த்தள இருக்கையில் அமர்ந்தார். எழ மறுத்தவரை வெளியே இழுத்துப் போட்டு, இரவு முழுவதும் சிறையில் வைத்தார்கள். மேல்மாடிச் சீட்டுக்கும் கீழ்த்தளச் சீட்டுக்கும் இடையிலான ஒரு சென்ட் வரியை ஏமாற்றினார் என்பது வழக்கு! 20 டாலர் அபராதம், அதற்கு மேல் 6 டாலர் செலவுத்தொகை கட்டினார். 1965-ல் அவர் இறந்து, 45 ஆண்டுகள் கழித்து 2010-ல்தான் நோவா ஸ்கோஷியா அரசு மன்னிப்பு அறிவித்தது. 2018-ல் நோட்டில் இடம்பெற்றார். புழக்கத்தில் உள்ள கனடிய நோட்டில் தனியாக இடம்பெற்ற முதல் கனடியப் பெண் அவர்தான்.

சுருட்டை முடியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது இங்கே வெறும் அழகுக்குறிப்பாக மட்டும் இருந்ததில்லை என்பதற்கு, அந்த நோட்டே சாட்சி.

உள்ளே சாட்டின், வெளியே கம்பளி

சரி, முடியும் பிழைக்க வேண்டும், காதும் பிழைக்க வேண்டும். இந்தச் சாலையின் கடைகளில் தொங்கும் விடை, சாட்டின் லைனிங் வைத்த குல்லா. வெளியே பார்த்தால் சாதாரண டூக். உள்ளே புரட்டினால் வழுவழுவென்று ஒரு துணி. இரவில் தலையணை உரசாமல் இருக்க கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த சாட்டின் பானட்டை, அப்படியே குல்லாவுக்குள் வைத்துத் தைத்ததுபோல!

சாட்டின் என்பது நெசவின் பெயர். பட்டு நூலிலும் நெய்யலாம், பாலியஸ்டரிலும் நெய்யலாம். இழைகள் மேற்பரப்பில் நீளமாக மிதந்து கிடப்பதால் முடி சிக்காமல் வழுக்கிச் செல்லும். பாலியஸ்டர் சாட்டின் ஈரத்தையும் அவ்வளவாக உறிஞ்சாது. விலையும் குறைவு.

கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. இருக்கும் குல்லாவிலேயே தைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சூட்சுமம்: கம்பளிக் குல்லா இழுத்தால் நீளும், சாட்டின் நீளாது. குல்லாவின் சும்மா கிடக்கும் அளவுக்குத் துணியை வெட்டித் தைத்தால், பிறகு தலையில் ஏறவே ஏறாது. தலையின் சுற்றளவை டேப்பால் அளந்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் துணி வெட்ட வேண்டும். குல்லாவை இழுத்துப் பிடித்தபடி ஓரத்தில் வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையல் போட வேண்டும். உச்சியில் இரண்டு முடிச்சு போட்டால் லைனிங் வெளியே வராது. தைக்க நேரமில்லை என்றால், முதலில் ஒரு சாட்டின் ஸ்கார்ஃபைத் தலையில் கட்டி, அதன்மேல் குல்லா போட்டாலே பாதி வேலை முடிந்தது.

குறையும் சொல்லியாக வேண்டும். சாட்டின் வழுக்கும் என்பதால், குல்லா மெல்ல மெல்ல மேலேறி, காதை வெளியே விட்டுவிடும். லைனிங்கை ஓரத்துக்கு அரை அங்குலம் முன்பே நிறுத்திவிட்டால், கம்பளி நெற்றியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால், அந்த அரை அங்குலம் முன்முடியை உரசும். முன்முடி மெலிந்தவர்கள் ஓரம் வரை லைனிங் வைத்துவிட்டு, பக்கவாட்டில் இரண்டு பின் குத்திக்கொள்வது நல்லது.

எந்த முடிக்கு எந்தக் குல்லா?

*குட்டையான சுருட்டை முடி:* தலையோடு ஒட்டாத, சற்றுத் தளர்வான குல்லா போதும். கழற்றியதும் சீப்பைத் தொட வேண்டாம். உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு, விரல்களை வேரில் விட்டு லேசாக உதறினால் சுருள் எழுந்துவிடும்.

*தோள் வரையிலான சுருட்டை:* இரண்டு பக்கமும் தளர்வாகப் புரி முறுக்கி, கழுத்தோரம் விட்டுவிட்டுக் குல்லா போடலாம். அலுவலகம் போய்ப் புரியை அவிழ்த்தால் சப்பையான முடிக்குப் பதில் அலை அலையான முடி கிடைக்கும். குல்லாவே முடியை அலங்கரித்ததுபோல! முன்பக்கம் நான்கைந்து சுருள்களை வெளியே எடுத்துவிட்டால் முகத்துக்கும் அழகு.

*நீளமான சுருட்டை:* பிடரியில் தாழ்வான கொண்டைதான் பாதுகாப்பு. உச்சிக் கொண்டை பிடிக்கும் என்பவர்களுக்காகவே மேலே ஓட்டை விட்டுப் பின்னிய குல்லாக்கள் வருகின்றன. கொண்டை வெளியே நிற்கும், காது உள்ளே இருக்கும்.

*பெட்டிப் பின்னல், ஜடாமுடி:* கனமும் பருமனும் அதிகம். பின்னால் பை போலத் தொங்கும் பெரிய குல்லாதான் இதற்குப் பொருந்தும்.

*குல்லாவே வேண்டாம் என்பவர்கள்:* காதை மூடும் அகலமான பட்டியும், கோட்டோடு வரும் தொப்பியும் சேர்ந்தால் ஓரளவு சமாளிக்கலாம். கோட் தொப்பியின் உள்பக்கமும் சாட்டின் வைத்துத் தைக்கலாம். மைனஸ் 20-க்குக் கீழே போகும் நாள்களில் இந்தச் சமாதானம் எடுபடாது.

எல்லோருக்கும் பொதுவான விதி ஒன்று: ஈரத் தலையோடு வெளியே போகவே கூடாது. நனைந்த முடி ஏற்கெனவே பலவீனமானது. மைனஸ் குளிரில் அந்த ஈரம் உறைந்து, முடி குச்சிபோல விறைத்து நிற்கும். அதன்மேல் குல்லாவை இழுத்தால் ஒடிந்துபோகும். இரவிலேயே தலைக்குக் குளித்து, காயவைத்து, பின்னிப் படுப்பதுதான் இங்கே வழக்கம்.

ஸ்கார்பரோவில் உறையும் தேங்காய் எண்ணெய்

எக்லிண்டனில் கிழக்கே போனால், ஸ்கார்பரோ. 1983-க்குப் பிறகு போரால் இடம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் பெருமளவில் வந்து சேர்ந்த பகுதி. தெற்காசியாவுக்கு வெளியே தமிழர்கள் அதிகமாக வாழும் நகரங்களில் டொரண்டோ முன்வரிசையில் இருக்கிறது. பலகாரக்கடை, நகைக்கடை, புடவைக்கடை, மளிகைக்கடை எல்லாம் தமிழ்ப் பலகைகளோடு இருக்கின்றன.

தமிழர் தலைகளிலும் இரண்டாம், மூன்றாம் வகை முடிக்குப் பஞ்சமில்லை. ஆனால், அதை ஒரு தனி வகையாகப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் குறைவு. எண்ணெய் வைத்து, இழுத்து வாரி, இறுக்கிப் பின்னிவிடுவதுதான் ஊர்வழக்கம். யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் அது சரிப்பட்டது. இங்கே முதலில் காலை வாரியது, தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறைந்துவிடும். சமையலறை அலமாரியில் கல்லாகக் கிடக்கும் போத்தலை வெந்நீரில் நிறுத்தி, உருக்கி, தலையில் தேய்த்துக்கொண்டு வெளியே போனால், குல்லாவுக்கு வெளியே தொங்கும் நுனிமுடியில் அது மறுபடி உறைந்து மெழுகாகிவிடும். குல்லாவின் கம்பளியும் அதைக் குடித்துக் கறையாகும்.

இதற்கு இங்குள்ள வீடுகளில் வந்த மாற்றம், எண்ணெயைக் குளிப்பதற்கு முன் வைத்து, ஊறவிட்டு, அலசிவிடுவது. குளித்த பிறகு ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிரீமும், நுனிக்கு ஒரு துளி எண்ணெயும் மட்டும். லிட்டில் ஜமைக்கா சலூன்களில் தண்ணீர், எண்ணெய், கிரீம் என்று அடுக்கடுக்காகத் தடவும் முறையும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே சாலையின் இரு முனைகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

காலையில் பள்ளிப் பேருந்து வரும் நேரத்தில், இந்த வீடுகளின் வாசலில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"பிள்ளை, தொப்பியைப் போட்டுக்கொண்டு போ. காது விறைச்சுப்போகும்."

"வேண்டாம் அம்மம்மா, தலை குழம்பிடும். எல்லாரும் சிரிப்பினம்."

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இடைவேளையில் குழந்தைகள் பனியில்தான் விளையாடுவார்கள். அம்மம்மாவின் பயம் பொய்யில்லை. குல்லாவைக் கழற்றிய பின் கிளம்பும் கேலியும் பொய்யில்லை. கறுப்பினக் குழந்தைகளும் தமிழ்க் குழந்தைகளும் ஒரே வகுப்பில் ஒரே அவஸ்தையோடு உட்கார்ந்திருப்பார்கள். 'முடியை ஸ்ட்ரெயிட்டன் பண்ணிவிடுங்கள்' என்ற கோரிக்கை பல வீடுகளில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இரண்டு தளர்வான பின்னலும், உள்ளே சாட்டின் வைத்த ஒரு குல்லாவும் அந்தக் கோரிக்கையைத் தள்ளிப்போட வல்லவை. பழைய பட்டுச்சேலை ஒன்று வீட்டில் இருந்தால், ஜரிகை இல்லாத உடல் பகுதியில் ஒரு துண்டு வெட்டி லைனிங் ஆக்கிவிடலாம். ஜரிகை மட்டும் வேண்டாம், முடியைப் பிடித்து இழுக்கும்.

ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாட 2016-ல் கனடிய நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. பொங்கல் வருகிற மாதம் என்பதால் அந்தத் தேர்வு. ஆண்டிலேயே கடுமையான குளிர் அடிக்கும் மாதமும் அதுதான்! பட்டுச்சேலைக்குக் கீழே பனி பூட்ஸ், தலையில் குல்லா என்று விழா மண்டபத்துக்கு வருவார்கள். பூ வைத்தால் குல்லா நசுக்கிவிடும். எனவே, பூச்சரம் கைப்பையில் வந்து, மண்டபத்தின் கண்ணாடிக்கு முன்னால்தான் தலைக்கு ஏறும்.

கனடா கிளம்பும் மாணவர்கள் கவனத்துக்கு

* குல்லாவை இங்கிருந்து வாங்கிப்போக வேண்டாம். ஊட்டிக் குளிருக்குப் பின்னியது டொரண்டோ காற்றுக்குத் தாங்காது. ஒரு சாட்டின் ஸ்கார்ஃபும், அதே துணியில் தலையணை உறையும் எடுத்துப்போனால் இரண்டும் உதவும்.

* இரண்டு குல்லா வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையும் கிரீமும் படிவதால் வாரம் ஒருமுறையாவது லைனிங்கை அலச வேண்டும். கம்பளியைக் குளிர்ந்த நீரில் கையால் அலசி, தட்டையாகப் பரப்பி உலர்த்த வேண்டும். வெந்நீரில் போட்டால் பொம்மைக் குல்லா ஆகிவிடும்.

* சுரங்க ரயிலிலும் வகுப்பறையிலும் சூடாக இருக்கும். உள்ளே நுழைந்ததும் குல்லாவைக் கழற்றிவிடுங்கள். வியர்த்த தலையோடு நாள் முழுக்க இருந்தால் அரிப்பும் பொடுகும் தேடி வரும்.

* நகரின் மையப் பகுதியில் 'பாத்' என்ற நிலத்தடி நடைபாதை 30 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ரயில் நிலையம், அலுவலகம், கடை எல்லாவற்றையும் இணைக்கிறது. கடுங்குளிர் நாளில் முடிக்கும் காதுக்கும் அதுவே நல்ல வழி.

* விதவிதமான குல்லாக்களைப் பார்க்க கென்சிங்டன் மார்க்கெட் பகுதிக்குப் போகலாம். பழைய உடைகள் விற்கும் கடைகள் நிறைய உண்டு. வாங்கும் முன் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கன்னத்தில் குத்துவது முடியையும் குத்தும்.

* சலூன் தேடும்போது, 'சுருட்டை முடி வெட்டத் தெரியுமா?' என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தெரியாத கையில் தலையைக் கொடுத்துவிட்டு, வளரும் வரை குல்லாவுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டாம்!

உடலின் வெப்பத்தில் பெரும்பகுதி தலை வழியாகத்தான் போகிறது என்று இன்னமும் பலர் சொல்வார்கள். அது பழைய நம்பிக்கை. மூடாமல் விட்ட மற்ற பாகங்களைப் போலத்தான் தலையும் தன் பரப்பளவுக்கு ஏற்ற வெப்பத்தை இழக்கிறது. ஆனாலும் காது மடல் மெல்லியது, ரத்த ஓட்டம் குறைந்தது. அதற்காகவேனும் குல்லா வேண்டும்.

ஏப்ரலில் பனி உருகும். எக்லிண்டன் சாலையில் ஒவ்வொன்றாகக் குல்லாக்கள் கழன்று, கோட் பைக்குள் போகும். லிட்டில் ஜமைக்கா சலூன்களில் குளிர்காலப் பின்னல்களை அவிழ்க்கும் வரிசை நீளும். ஸ்கார்பரோவில் தேங்காய் எண்ணெய் மறுபடி போத்தலுக்குள் இளகத் தொடங்கும். நான்கு மாதங்கள் பொறுமையாக மூடிக் காத்த முடி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அப்போது ஒவ்வொருவரும் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். கைவிட்டதும் அது 'டக்'கென்று சுருண்டு மேலே போகும்!